ஏழாம் ஆணி

நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்தக் கம்பிரியக் கரையில்.
மேற்கு கோல் கம்பத்தின் பெயிண்ட்டைக்
கடற்காற்று தின்று முடித்துவிட்டது.
உடைமாற்றும் அறையில் பதின்மூன்று ஆணிகள்,
ஐந்தில் மட்டும் ஜெர்சி.
மீதி எட்டும் என்னையே பார்க்கின்றன,
சம்பள பாக்கி கேட்பவர்கள் மாதிரி.

நான் ஹில்டா பிர்கெட். துவைப்பவள்.
அணியைக் கட்டுவது என் வேலையில்லை.
ஆனால் கோச் ரவுட்லெஜ்
தன் வெள்ளைப் பலகையை என் சலவை அறையில்தான் வைத்திருக்கிறார்.
கட்டடத்தில் சூடு இருக்கும் ஒரே இடம் இது.
எழுதுகிறார், அழிக்கிறார்,
அழித்த பெயரையே மறுபடி எழுதுகிறார்.

போனவர்கள் கணக்கு எனக்குத் தெரியும்.
மாசப்புக்கு முழங்கால்.
டின்னியன் அண்ணன் தம்பிக்கு
அணுக்கழிவு ஆலையில் சனி ஞாயிறு ஷிஃப்ட்.
ஒன்பதாம் எண் ஃபியரன்
மூன்றாம் முறை தலையில் அடிபட்ட மறுநாள்
தன் நாயைக் கூப்பிட வாயைத் திறந்தான்,
பெயர் வரவில்லை.
அன்றே பூட்ஸைக் கழற்றிவிட்டான்.
யாரும் அவனைத் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது.

ஏழாம் எண் ஸ்கெல்டனை
மேல் பிரிவு அணிக்கு விற்றோம்.
அந்தக் காசில் வந்ததுதான் புது பாய்லர்.
குழாயில் சுடுநீர் வரும்போதெல்லாம்
எனக்கு அவன் ஞாபகம்.

வந்தவர்களில் பெரியவன் வாரி கோபுன்,
பப்புவா நியூ கினி மலைநாட்டு ப்ராப், நூற்றுப் பதினெட்டு கிலோ.
விசாவும் விமானமும் பாதி பட்ஜெட்டை விழுங்கின.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறோம்,
கணுக்காலில் சுற்றும் டேப்புக்குக் காசில்லை.
முதல் நாள் அவன் கோட்டை மாட்டியதும்
ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது.
இந்த சீசனின் முதல் சேதம் என்று எழுதிவைத்தார் கோச்.

அப்புறம் விங்குக்கு ஒரு தபால்காரன்,
தெருநாய்கள் பயிற்சி கொடுத்தவன்.
‘ஒரே ஒரு வருஷம்தான்’ என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு
முப்பத்தாறு வயதில் திரும்பி வந்த சென்டர்.
(போன வருஷமும் அதே சத்தியம்.)
கறிக்கடையில் எலும்பு வெட்டும் லூயி டைசன், பதினெட்டு வயது.
அவனுக்குப் பலகையில் இடமே இல்லை,
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

பாரில் பேச்சு ஓயவில்லை.
ஆறாவது இடம் என்கிறார் ஒருவர்.
கடைசிக்கு முந்தியது, அதுவும் மழை பெய்தால், என்கிறார் இன்னொருவர்.
பணமில்லை, ஹூக்கர் இல்லை, மூளையில்லை,
அடுத்த ரவுண்டு யாருடையது?

என் ஜோசியம் வேறு.
முன்பக்கம் சேறு என்றால் பாய்ந்து தடுத்தவன்.
முதுகெல்லாம் சேறு என்றால் தள்ளப்பட்டு விழுந்தவன்.
எங்குமே சேறில்லை என்றால்
அவன் அடுத்த கிளப்புக்கு இப்போதே போன் போடுகிறான்.

ஜனவரியில் முதல் நட்பு ஆட்டம்.
முப்பத்தெட்டுக்குப் பத்து. தோல்வி.
ஆறு டாக்கிளில் பந்தை என்ன செய்வதென்று
கடைசிவரை நம் ஆட்களுக்கு முடிவாகவில்லை.
ரவுட்லெஜ் பலகை முன் உட்கார்ந்திருந்தார், பேனாவின் மூடியைக்கூடத் திறக்காமல்.

நான் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்தேன்.
பதினொன்றில் முன்பக்கம் சேறு.
போன வருஷம் இதே நாளில் நாலு.
கோபுனுடையதில் எதிரணியின் சாயமும் ஒட்டியிருந்தது.
கடைசியாக, எண்ணே தைக்காத ஒரு ஜெர்சி.
கழுத்துப்பட்டி வரை சேறு, உள்ளே புல்,
முதுகு மட்டும் கடையிலிருந்து வந்த வெள்ளை.
மெல்லிய கறிக்கடை வாசனை.

நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல?
அவர் வெளியே போனதும்
ஏழாம் எண்ணை எடுத்து இஸ்திரிப் பெட்டிக்கு அருகே வைத்தேன்.

வியாழக்கிழமை யார்க்‌ஷயரிலிருந்து
கடனாக ஒருவன் வருகிறானாம், ஏழுக்கு.
வரட்டும்.
ஸ்கெல்டன் தந்த சுடுநீரில் பையனின் சட்டை சுழல்கிறது.
மெஷின் நிற்க
இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது.